ஷேக்கின் ஒன்றரை நிமிடம்

வஜீஹின் கடையில் ஒரு காலத்தில் காதல் பாட்டு விற்றது என்று சொன்னால் எகிப்தின் மின்யாவில் இன்று ஒருவரும் நம்பமாட்டார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி, கரும்புச்சாறு கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு இருந்த கேசட் கடை அது. எழுபத்தாறாம் வருடம் பல்கலைக்கழக மைதானத்தில் ஷேக் நுஃமான் ரத்வானின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவன், மறுநாளே கடையில் இருந்த பாட்டுக் கேசட் அத்தனையின் மேலும் ஷேக்கின் பேச்சைப் பதிந்து தள்ளிவிட்டான். நாடா பழசு. பாட்டு முழுசாக அழியவில்லை. ஷேக் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் ஒரு வயலின் மெல்ல இழைந்துவிட்டுப் போகும். "உலகம் அழியற கியாமத் நாள் நடுவுல என்னய்யா கல்யாண வீடு?" என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் புது நாடா வாங்க ஆரம்பித்தான்.

ஷேக் என்றதும் கெய்ரோவின் அஸ்ஹர் மதக் கல்லூரியில் ஓதித் தலைப்பாகை கட்டியவர் என்று நினைக்க வேண்டாம். ரத்வான் பாசனத் துறையில் இன்ஜினியராக இருந்தவர். எந்த மதகு எந்த ஊருக்குத் தண்ணீர் விடும் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏதோ ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது வருடம். உள்ளே காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. மனிதர் மனசுக்குள்ளேயே ஒரு புத்தகம் எழுதினார். கூட இருந்த பதினோரு கைதிகளை ஆளுக்கு ஒரு அத்தியாயம் மனப்பாடம் செய்ய வைத்தார். எல்லாரும் வெளியே வந்த பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து ஒப்பித்தார்கள், ஒருவர் எழுதினார். ஏழாம் அத்தியாயத்தைச் சுமந்தவர் மட்டும் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். புத்தகத்தில் இன்றைக்கும் ஆறுக்குப் பிறகு எட்டுதான். எழுதியவரே உயிரோடு இருக்கிறார், திரும்ப எழுதினால் என்ன என்று கேட்டால், "அது அவரோட போச்சு" என்பாராம். இப்படிப்பட்ட ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டால் யாருக்குத்தான் மயிர் சிலிர்க்காது?

ஆனால் வஜீஹை வீழ்த்தியது அந்தக் கதை இல்லை, குரல். அவனிடம் நல்ல ஜப்பான் பதிவு எந்திரம் இருந்ததால் மைதானத்தில் மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்த்திவைத்தார்கள். சிறையில் பாதம் இரண்டிலும் அடி வாங்கி வாங்கி நிற்க முடியாத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார். மற்ற பிரசங்கிகள் மாதிரிக் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிற தணிந்த குரல். ஆறாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

"சின்ன வயதில் நாம் எல்லாரும் வாய்க்காலில் குளித்தோம். பன்னிரண்டு வயதில் சிறுநீரோடு ரத்தம் போனது. பயந்து போய்ச் சொன்னோம். பெரியவர்கள் சிரித்தார்கள். பையன் ஆளாகிவிட்டான் என்றார்கள். அந்த வாய்க்கால் தந்த நோயை வயசு என்றார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. சகோதரர்களே, நாம் இன்னும் அந்த வாய்க்காலில்தான் நிற்கிறோம்."

அவ்வளவுதான் சொன்னார். வஜீஹுக்கும் பன்னிரண்டு வயதில் அது போயிருந்தது. அவன் அப்பாவும் சிரித்திருந்தார். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது அவனுக்கு. தன் வாழ்நாள் முழுக்க யாரோ தன்னிடம் மறைத்ததை இந்த மனிதர் ஒருவர்தான் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார் என்று தோன்றியது. அழுதான். தன் அழுகைக்கு எந்திரத்தின் முள் மட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டான்.

இரண்டு வருடம் கழித்து ஷேக் பேசியதுதான் 'வெளியேறுங்கள்'. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், அதன் கொடிக்கு நிற்கிறவன், அதன் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் எல்லாரும் அந்த வாய்க்காலின் தண்ணீர்தான், வெளியே வாருங்கள், பாதி வெளியே வந்தவன் வெளியே வந்தவன் இல்லை என்று முப்பத்திரண்டு நிமிடப் பேச்சு. மலிவு விலை கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடமும் கொசுறும்தான் இடம். மறுபக்கத்தில் கேள்வி பதில் இருக்கிறது. எங்கேயாவது ஒன்றரை நிமிடம் வெட்டியாக வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு நிமிடம் அல்லாஹ்வின் புகழ். அதில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் துஆ என்கிற பிரார்த்தனை. கேட்கிறவன் காரிலோ கடையிலோ ஆமீன் சொல்வானே, அதையும் வெட்ட முடியாது. துஆவுக்குச் சற்று முன்னால் ஷேக் குரல் இன்னும் தணிந்து ஏதோ அறிவுரை மாதிரிச் சொல்கிற இடம் ஒன்று இருந்தது. அது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்று வஜீஹுக்குப் பட்டது. அதைத் தூக்கிவிட்டான். ஒட்டு தெரியவே இல்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அந்தக் கேசட் பிய்த்துக்கொண்டு போனது. அவன் கையால் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். அதிலிருந்து கெய்ரோவிலும் அஸ்யூத்திலும் எடுத்த நகலுக்குக் கணக்கு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அதில் ஒன்று அவன் தங்கை சுஹைரின் வீட்டுக்கும் போனது. வஜீஹே மச்சானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததுதான். சுஹைரின் கணவன் ஹம்தி கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அவன் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், சீட்டாட்டத்தில் தோற்றாலும் சிரிப்பான். அப்படிப்பட்டவன் அந்தக் கேசட்டை இரண்டு மாதம் கேட்டான். வங்கி வேலையை விட்டான். தேனும் அத்தரும் விற்க ஆரம்பித்தான். பிறகு இன்னும் ஐந்து பேரோடு ஊருக்கு வெளியே வாடகை அறைக்குப் போய்விட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுஹைர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு கல்லாப்பெட்டி மேல் ஓங்கித் தட்டினாள்.

"அண்ணே, சந்தோஷமா இருக்கியா? உன் ஷேக் என் குடும்பத்தைப் பிரிச்சு வெச்சுட்டாரு."

"என்னடி ஆச்சு?"

"உன் மச்சான் சனிக்கிழமை வரைக்கும் கெடு வெச்சிருக்காரு. நான் வாத்தியார் வேலையை விட்டுட்டு அவரு சொல்ற எடத்துக்கு வரணுமாம். இல்லேன்னா இந்தக் கல்யாணம் செல்லாதாம். நான் வெள்ளிக்கிழமை தவிர தெனமும் காலையில கொடிக்கு முன்னால நிக்கிறேன்ல, அதனால நான் மார்க்கத்தை விட்டுப்போன காஃபிர். நஜ்லாவைத் தூக்கிட்டுப் போயிருவேன்கிறாரு. நாலு வயசுப் புள்ள அண்ணே!"

"இரு இரு. ஷேக் அப்படிச் சொல்லவே இல்லையே. பெண்டாட்டியை விடாதேன்னுதான கடைசியில..."

வஜீஹ் அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சப்பென்ற இடம் அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"கடைசியில என்ன? நான் அந்தக் கருமத்தை நூறு வாட்டி கேட்டாச்சு. கடைசியில துஆதான் இருக்கு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"இடம் பத்தலை."

சுஹைர் கையிலிருந்த சாக்பீஸ் தூளை உதறினாள்.

"இருக்கறது முப்பத்திரண்டு நிமிஷம். உனக்கு வெட்டறதுக்கு என் வாழ்க்கைதான் கெடச்சுதா?"

மூலக் கேசட் பரணில் இருந்தது. இறக்கிப் போட்டுக் கேட்டார்கள். தணிந்த குரல் சொன்னது: "ஆனால் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போய் வீட்டுக் கதவை அறைந்து சாத்தாதீர்கள். தாயிடம் குரலை உயர்த்தாதீர்கள். மனைவி தயங்கினால் அவளோடு இருந்து பத்து வருடம் சொல்லுங்கள். நூஹ் நபி தொள்ளாயிரத்து ஐம்பது வருடம் சொன்னார். உங்களுக்குப் பத்து வருடம் பொறுமை கிடையாதா? பொறுமை இல்லாதவன் என்னைச் சேர்ந்தவன் இல்லை."

"இதை ஹம்திகிட்டப் போட்டுக் காட்டினாப் போதும்" என்றான் வஜீஹ்.

"நீ என் அண்ணன். நீ எதை வேணாலும் ஒட்டுவே வெட்டுவேன்னு அவருக்குத் தெரியாதா? ஷேக் வாயால இன்னொரு வாட்டி வரணும். நானும் வர்றேன்."

ஷேக் நைலுக்கு அக்கரையில், கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு மண் வீட்டில் இருந்தார். ஊர் தாண்டக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. படகுத்துறையில் பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி நிறத்தில் சட்டை போட்ட உளவுக்காரன் ஒருவன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதிக்கொள்வான். வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் போய்ச் சேர்ந்தார்கள். சுஹைரை ஷேக்கின் மனைவி உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கதவு பாதி திறந்திருந்தது.

வெளியறையில் பாய் விரித்து ஷேக் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஆறு இளைஞர்கள். வஜீஹ் எந்திரத்தைப் பக்கத்தில் இறக்கி வைத்தான். மூன்று வருடமாகக் காதுக்குள் குடியிருக்கும் குரல், இப்போது மூன்று முழ தூரத்தில் வெந்தயத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. பாதங்களைப் பார்த்தான். தட்டையாகி, நகமில்லாமல், யாருடைய பாதங்களையோ வாங்கி மாட்டிய மாதிரி இருந்தன. குனிந்து முத்தமிடலாம் போலிருந்தது.

"நீதான் அந்த வஜீஹா? உன் கேசட்டுல என் இருமல்கூடக் கேக்காதாமே. புண்ணியம் உனக்கு" என்றார் ஷேக். இளைஞர்கள் சிரித்தார்கள்.

வஜீஹ் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். புகழில் வெட்டப் பயந்தது, துஆவில் வெட்டப் பயந்தது, தங்கை, சனிக்கிழமை. பிறகு மூலத்தைப் போட்டான்.

ஷேக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றரை நிமிடம் முடிந்தது.

"சொன்னது நான்தான்" என்றார். "மனசாரச் சொன்னதுதான். எத்தனை கேசட் போச்சு?"

வஜீஹ் சொன்னான். அந்த எண்ணைக் கேட்டதும் ஷேக்கின் முகத்தில் வந்தது பெருமையா பயமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தன் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து சுஹைரின் குரல் வந்தது. "ஷேக், நீங்க அதை இன்னொரு தடவை சொல்லணும். எங்க அண்ணன் பதிஞ்சுக்குவான். பத்து வருஷம் பொறுக்கச் சொன்னீங்களே, அதை மட்டும். என் புருஷன் நான் சொன்னாக் கேக்கமாட்டாரு, அல்லாஹ்வே எறங்கி வந்து சொன்னாலும் யோசிப்பாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்று ஓர் இளைஞன் பாவமன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தான். ஷேக் கையை உயர்த்தி அவனை அடக்கினார். வஜீஹ் அவசரமாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினான். நாடா சுற்ற ஆரம்பித்தது.

ஷேக் வாயைத் திறந்தார். அப்போதுதான் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார்.

"நீ அந்தக் கேசட்டைக் கேட்டியா?" என்று முதலாமவனிடம் கேட்டார்.

"கேட்டுட்டுத்தான் வந்தேன் ஷேக்."

"என்னத்தை விட்டுட்டு வந்தே?"

"எங்கம்மாவை. அவங்க முகத்தைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு."

"நீ?"

"மருத்துவக் கல்லூரி. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி இருந்துச்சு."

"நீ?"

மூன்றாமவன் தலையைக் குனிந்துகொண்டான். "தலாக் சொல்லிட்டேன் ஷேக். அவளுக்கு அப்போ ஏழு மாசம்."

ஆறு பேரிடமும் கேட்டார். ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லும்போது ஒருவர் கண்ணும் ஷேக்கின் உதட்டை விட்டு நகரவில்லை. அந்த உதடு இப்போது என்ன சொல்லப்போகிறதோ, அதில்தான் தாங்கள் விட்டுவந்ததெல்லாம் தியாகமா முட்டாள்தனமா என்பது இருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரிந்திருந்தது. ஷேக்குக்கும் தெரிந்தது. இத்தனை அதிகாரம் ஒரு மனிதனின் வாய்க்குள் இருக்க முடியும் என்பதை வஜீஹ் அன்றுதான் பார்த்தான். மன்னர்களிடம்கூட இது இருந்திருக்காது.

ஷேக் சுற்றிக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு, "நிறுத்துப்பா" என்றார்.

வஜீஹ் நிறுத்தினான்.

"ஏழாம் அத்தியாயத்தை நான் திரும்ப எழுதலை. ஏன் தெரியுமா? அல்லாஹ் எடுத்துக்கிட்டதை நான் திரும்பக் கேக்க மாட்டேன். இதுவும் அப்படித்தான். நீ வெட்டலை வஜீஹ். உன் கையை வெச்சு அவன் வெட்டினான்."

ஆறு இளைஞர்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஒருவன் அழுதேவிட்டான்.

வஜீஹுக்கு என்ன ஆனது தெரியுமா? சொல்லவே கூசுகிறது. நெஞ்சு பூரித்துப்போனது. தான் செய்த தப்பு தப்பே இல்லை, ஆண்டவனின் வேலை, அதுவும் தன் விரலால் நடந்தது என்று ஷேக்கின் வாயாலேயே கேட்கிறான். ஒரு நொடிக்கு அவனைவிட உயர்ந்தவன் மின்யாவில் யாருமில்லை. தங்கை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மறுநொடிதான் உறைத்தது.

கிளம்பும்போது ஷேக்கின் மனைவி வாசல் வரைக்கும் வந்து சுஹைரின் கையில் சுடச்சுட ரொட்டி இரண்டைத் திணித்தார். "நான் ஒம்பது வருஷம் காத்திருந்தேன்மா" என்றார் மெதுவாக. "அதை அவர் எந்தப் பேச்சுலயும் சொன்னதில்லை." வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

படகில் சுஹைர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்தாள். இக்கரை வந்ததும், "சனிக்கிழமை அந்த மூலத்தை எடுத்துட்டு வா. நடக்கறது நடக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹம்தி வந்தான். தாடி நெஞ்சைத் தொட்டது, ஆள் இளைத்திருந்தான். நஜ்லா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் கையை வைத்தான், தூக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே, செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மச்சான், ஒரே ஒரு தடவை முழுசாக் கேளு. அப்புறம் உன் இஷ்டம்" என்று வஜீஹ் எந்திரத்தை ஓடவிட்டான்.

ஹம்தியின் உதடு கேசட்டோடு சேர்ந்து அசைந்தது. ஒரு சொல் பிசகவில்லை, ஷேக் மூச்சு எடுக்கும் இடத்தில் அவனும் மூச்சு எடுத்தான். துஆவுக்கு முன்னால் அந்த இடம் வந்தது. 'ஆனால்' என்றது குரல். ஹம்தியின் உதடு நின்றது.

"திரும்பப் போடு" என்றான்.

போட்டான். மூன்று தடவை போட்டான். மூன்றாம் தடவை ஹம்தியின் கண் கலங்கியிருந்தது. செருப்பில் ஒன்று எப்போது கழன்றதோ தெரியவில்லை.

"இது ஷேக் குரல்தான்" என்றான். "இதை அவரு இப்பவும் ஒத்துக்கறாரா? நீங்க அக்கரைக்குப் போனீங்கன்னு கேள்விப்பட்டேன்."

ஒத்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தை போதும். இன்றைக்கே இவன் இன்னொரு செருப்பையும் கழற்றிவிடுவான். ஷேக்கின் பேரில் பொய் சொல்வதா என்று வஜீஹ் தயங்கினான். ஆனாலும் தங்கையின் முகத்தைப் பார்த்தபோது சொல்லிவிடத் துணிந்து வாயைத் திறந்தான்.

சுஹைர் முந்திக்கொண்டாள். "ஒத்துக்கலை. சொன்னது நான்தான், ஆனா அல்லாஹ்தான் வெட்டினான்னு சொல்லிட்டாரு."

"சுஹைர்!" என்றான் வஜீஹ்.

"நீ சும்மா இரு அண்ணே. ஒன்றரை நிமிஷத்தைக் கேட்டு வீட்டுக்குள்ள வர்றவரு, நாளைக்கு இன்னொரு ஒன்றரை நிமிஷத்தைக் கேட்டா வெளிய போவாரு. நான் என்ன கேசட்டு கேசட்டா வாழறதா?" ஹம்தியின் பக்கம் திரும்பினாள். "ஷேக்கை விடுங்க. இவனையும் விடுங்க. நான் உங்ககிட்டக் கேக்கறேன். உங்களுக்கு வீட்டுக்கு வரணும்னு இருக்கா, இல்லையா? உங்க வாயால சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்ல, நீங்களா சொல்லுங்க."

ஹம்தி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், நின்றுபோயிருந்த எந்திரத்தைப் பார்த்தான். சொந்தமாக ஒரு சொல்லைத் தேடி அவன் உள்ளே அலைந்ததை வஜீஹால் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சாவியைத் தேடுகிறவனின் முகம். தெருக்கோடி வரைக்கும் சிரித்த மனிதன் அங்கே எங்கேயோதான் இருந்தான். ஹம்திக்கு அவன் அகப்படவில்லை.

கடைசியில் அவன் பேசினான்.

"பாதி வெளியே வந்தவன்," என்று சொல்லி நிறுத்தினான், "வெளியே வந்தவன் இல்லை."

தணிந்த குரல். அதே நிறுத்தம், அதே நிதானம், அதே ஷேக். நாலாயிரம் நகல் எடுத்தவன் வஜீஹ். இவ்வளவு சுத்தமான நகலை அவன் எந்திரம் ஒருநாளும் எடுத்ததில்லை.

"அப்பா, சத்தமாப் பேசுங்க. கேக்கவே மாட்டேங்குது" என்றாள் நஜ்லா.

ஹம்தி கழன்ற செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டான். நஜ்லாவை நோக்கிக் கையை நீட்டினான். சுஹைர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கை தானாகக் கீழே இறங்கும்வரை அவன் முன்னால் நகராமல் நின்றாள். அவன் படியிறங்கிப் போனான்.

பிறகு கதவைச் சாத்தினாள்.

"எந்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பு அண்ணே" என்றாள். "நாளைக்கு எனக்கு ஸ்கூல் இருக்கு."